இல்லாத குதிரைகளுக்குப் புல்

பாதுகாப்பு அமைச்சருக்கு நான் பதினொரு ஆண்டுகள் தட்டச்சு செய்தேன். அவர் பெயர் கோஞ்சிக். கர்னல் ஜெனரல். ஆடு மேய்த்த குடும்பம்.

நாட்டின் துப்பாக்கிகள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. ஆனால் பத்து வீரர்களைப் பனி அள்ள அனுப்புவதென்றாலும் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ தீர்மானிக்க வேண்டும். சண்டை தொடங்குவதற்கும் அதே விதிதான். தவிர, அவருடைய எந்த உத்தரவுக்கும் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். இடது பக்கம் அமைச்சர். வலது பக்கம் ராணுவத்தின் அரசியல் பிரிவுத் தலைவர். வலது பக்கம் காலியாக இருந்தால் அந்தக் காகிதத்தில் இறைச்சி மடிக்கலாம் என்று அமைச்சரே சொல்வார்.

ஒன்று மட்டும் அவர் கையில் இருந்தது. பயிற்சி. ஒரு ரெஜிமென்ட்டுக்கு மேல் போகாமல், பத்து நாளுக்குள் முடிகிற பயிற்சி என்றால் பொலிட்பீரோவைக் கேட்க வேண்டியதில்லை. அந்த இரண்டு கையெழுத்தே போதும்.

அது குரங்கு வருடம். குரங்கு வருடத்தில் ஸுட் வரும், மேய்ச்சல் உறைந்து மந்தை சாகும் என்பார்கள், வந்தது. பனி பெய்தது, ஒரு நாள் உருகியது, மறுநாள் உறைந்தது. புல்லின் மேல் கண்ணாடி போல் பனிக்கட்டி. ஆட்டின் குளம்பால் அதை உடைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு செய்தி வந்தது. உலான் டோவ் கூட்டுப்பண்ணையில் தந்திக் கம்பங்கள் சாய்ந்திருந்தன. அதனால் பண்ணையின் தலைவி யன்ஜிமா எங்கள் எல்லைப் படையின் வானொலியில் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்படித்தான் அது எங்களிடம் முழுசாக வந்தது.

"குளிர்காலம் நன்றாகக் கழிகிறது. மேய்ச்சல் முழுதும் பனிக்கட்டி. ஞாயிற்றுக்கிழமையோடு தீவனம் முடிகிறது. கால்நடை நாற்பத்தோராயிரம்."

அதே செய்தி ஸுட் நிவாரண ஆணையத்துக்கும் போயிருந்தது. ஆணையத்தின் தினசரி அறிக்கையில் ஒரு கூட்டுப்பண்ணைக்கு ஒரு வரிதான் இடம். எழுத்தர் முதல் வரியை எடுத்திருந்தார். உலான் டோவ்: குளிர்காலம் நன்றாகக் கழிகிறது.

எங்களில் யாரும் முதல் வரியை வேறு மாதிரி எழுத மாட்டோம். குளிர்காலம் எப்படிக் கழிகிறது என்று கேட்டால் நன்றாக என்றுதான் சொல்வோம். காலையில் தகப்பனைப் புதைத்திருந்தாலும் முதலில் அதைச் சொல்வோம். மற்றது பிறகு.

அமைச்சர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போனை எடுத்தார். ஆணையத்தின் தலைவர் தம்டின், பொலிட்பீரோ உறுப்பினர், விவசாயம் அவர் பொறுப்பு. அவர் குரல் பெரிது. போனிலிருந்து அறை முழுதும் கேட்டது.

"குளிர்காலம் எப்படிப் போகுது, தோழர் தம்டின்?"

"நல்லாப் போகுது. உங்களுக்கு?"

"நல்லாப் போகுது. உலான் டோவ்ல ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஆடு சாகும்."

"அறிக்கையில நல்லாப் போகுதுன்னு இருக்கே."

"நீங்களும் இப்ப நல்லாப் போகுதுன்னுதான் சொன்னீங்க. முந்தாநாள் உங்க வீட்டுக் கொதிகலன் வெடிச்சுதாமே."



"அறிக்கை மேல போயாச்சு," என்றார் தம்டின். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. பேசலாம்."

"செவ்வாய்க்கிழமை பேசலாம். யாருக்குப் போடறது புல்லு? தோலுக்கா?"

"கோஞ்சிக், கால்நடை என் வேலை. துப்பாக்கி உங்க வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்."

"சரி. என் வேலையைப் பாக்குறேன்."

போனை வைத்தார். "நோர்ஜ்மா, தொடாத இருப்புப் பட்டியலை எடு."

தொடாத இருப்பு என்றால் போருக்காக வைத்திருப்பது. மாவு, எண்ணெய், பூட்ஸ், சவப்பெட்டிப் பலகை. பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்க அமைச்சர் போதும். நீக்கப் பொலிட்பீரோ தீர்மானம் வேண்டும். அவர் விரல் ஏழாம் பக்கத்தில் நின்றது. டோல்கோய் கிடங்கு. காய்ந்த புல். இரண்டாயிரம் குதிரைகளுக்கு ஒரு குளிர்காலத் தீவனம்.

குதிரைப்படையைக் கலைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. குதிரைகள் கூட்டுப்பண்ணைகளுக்குப் போய்விட்டன. புல்லை நீக்க யாரும் பொலிட்பீரோவிடம் போகவில்லை. கேட்கவே கூச்சமாக இருந்திருக்கும். அதனால் இலையுதிர்காலம்தோறும் வீரர்கள் கிடங்கின் பழைய புல்லை வெளியே எடுத்துவிட்டு, புதுப் புல் அறுத்து அடுக்கினார்கள்.

"டோல்கோயிலேர்ந்து உலான் டோவ் எவ்வளவு தூரம்?"

"நூத்தியெண்பது கிலோமீட்டர், தோழர் மந்திரி. நடுவுல கணவாய்."

"ரவ்தானைக் கூப்பிடு. டீ சுட வை. உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடு. அவன் நாக்கு இளகணும்."

லெப்டினன்ட் ஜெனரல் ரவ்தான் அரசியல் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். இருவரும் ஒரு காலத்தில் ஒரே குதிரைப்படை அணியில் இருந்தவர்கள். கோஞ்சிக் அணித் தலைவர், ரவ்தான் அரசியல் போதகர். மற்றவர்கள் முன்னால் தோழர் என்று அழைத்துக்கொள்வார்கள். என்னை மற்றவர்களில் சேர்ப்பதில்லை.

ரவ்தான் உத்தரவின் வரைவைக் கையில் வாங்கினார். நின்றபடி படித்தார்.

"'குளிர்காலத்தில் குதிரைப்படைக்குத் தீவனம் கொண்டு செல்லும் பயிற்சி.' அண்ணே, நம்மகிட்டக் குதிரைப்படை இல்லையே."

"புல் இருக்கு."

"குதிரை?"

"இருக்கறதா வச்சுக்கணும். போன வருஷப் பயிற்சியில அணுகுண்டு விழுந்ததா வச்சுக்கிட்டே. முகமூடியைக் கழட்டக் கூடாதுன்னு ரெண்டு நாள் எங்களைப் பட்டினி போட்டே. குதிரையை வச்சுக்க முடியாதா?"

"எதிரி யாரு?"

"பனி."

"பனிக்குப் பின்னால எந்த நாடு?"

"எழுதல. உனக்குத் தோணினதைச் சேர்த்துக்கோ."

ரவ்தான் பாதையைப் படித்தார். பாதை முடிகிற இடத்தையும் படித்தார். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இது பயிற்சி இல்ல. நிவாரணம். பொலிட்பீரோ விஷயம்."

"விதியைப் படி. பயிற்சிக்காக இருப்பை நகர்த்தலாம். ஒரு வருஷத்துக்குள்ள புதுசு வச்சாப் போதும். கட்டு அவிழ்த்த புல் திரும்பக் கிடங்குக்குள்ள போகக் கூடாது. அங்கேயே விடணும். நானா எழுதினேன்? உங்க ஆளுங்க எழுதின விதி."

"திருட்டுப் பயத்துல எழுதினது."

"எதுக்கு எழுதினா என்ன."

"ரெண்டு பேரும் போயிடுவோம். உங்களைத் தூதரா எங்கயாவது அனுப்புவாங்க. என்னை உப்புச் சுரங்கத்துல மன்றப் பொறுப்பாளரா வைப்பாங்க. சனிக்கிழமை சினிமா போட்டுக் காட்டணும்."

"நான் தூதராப் போனா உன்னைச் சமையலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ரவ்தான் சிரிக்கவில்லை.

"அண்ணே, என் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். உங்க கையெழுத்துக்கு நான் பூட்டு. அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க."

"திறக்கவே கூடாதுன்னா சுவர் வச்சிருப்பாங்களே. பூட்டை எதுக்கு வச்சாங்க?"

ரவ்தான் போனைத் தன் பக்கம் இழுத்தார். மத்தியக் குழுவின் ராணுவத் துறையை அழைத்தார். துறைத் தலைவர் கட்சிப் பள்ளியில் உரையாற்றப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். மூன்று மணி வரை காத்திருந்து கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அது அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

ரவ்தான் ஒரு கிண்ணம் டீ குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார். அதையும் முடித்தார்.

"நோர்ஜ்மா, பேனா."

வரைவின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதினார். நான் எட்டிப் படித்தேன். 'அரசியல் நோக்கம்: கட்சியின் அழைப்பை ஏற்று, ராணுவமும் மந்தைக்காரர்களும் ஒன்று என்பதைச் செயலில் காட்டுதல்.'

அமைச்சர் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மந்தைக்காரங்கன்னு எழுதிட்டே. இனி குதிரைக்குன்னு சொல்லி யாரை ஏமாத்தறது?"

"மறைச்சா அது குத்தம். எழுதி வச்சா அது நோக்கம். இந்த வரி இல்லாம என் கையெழுத்து இல்ல."

"முப்பது வருஷமா உன் வரிகளைக் கேக்குறேன், ரவ்தான். ஒரு வரி ஒரு ஆட்டைக் காப்பாத்தி நான் பார்த்ததில்ல."

"இந்த ஒண்ணைப் பாருங்க."

கையெழுத்துப் போட்டார். எழுந்து தொப்பியை எடுத்தார். "படையோட நானும் போறேன்."

"நீ எதுக்கு? உனக்கு மூட்டு வலி."

"என் வரி சரியா நடக்குதான்னு நான்தானே பாக்கணும்."

பன்னிரண்டு பத்துக்கு உத்தரவைத் தட்டி முடித்தேன். பதிவேட்டில் நேரம் எழுதினேன். எங்கள் ராணுவத்தைக் கவனிக்க வந்திருந்த சோவியத் ஆலோசகர் அந்த வாரம் பல்வலியோடு மருத்துவமனையில் இருந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நாற்பது லாரிகள் டோல்கோய்க்குப் போய்ப் புல்லை ஏற்றின. முன்னால் பனி தள்ளும் பலகை கட்டிய இரண்டு டாங்கிகள். அமைச்சர் போகவில்லை. அமைச்சரின் இடம் போனுக்குப் பக்கத்தில்.

சனிக்கிழமை சாயங்காலம் கணவாய்க்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஞாயிறு காலை கணவாயில் ஏறினார்கள். ஒரு லாரி கவிழ்ந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அறுபது கிலோமீட்டர் பாக்கி. வீரர்கள் மண்வெட்டியால் வெட்டுவதாகவும் ரவ்தான் பாடுவதாகவும் வானொலிக்காரர் சொன்னார். ரவ்தான் பாடினால் எல்லோரும் வேகமாக வெட்டுகிறார்களாம், சீக்கிரம் முடிந்தால் நிறுத்துவார் என்று.

ஞாயிறு மதியம் தம்டினுக்குத் தெரிந்துவிட்டது. போனில் வணக்கம் இல்லை, குளிர்காலமும் இல்லை.

"படையைத் திருப்புங்க."

"எந்தப் படையை?"

"விளையாடாதீங்க. தொடாத இருப்பைத் தொட்டிருக்கீங்க. அறிக்கையில இல்லாத ஸுட்டுக்கு ராணுவம் போனா, அறிக்கை பொய்னு ஆகுமா ஆகாதா? இப்பவே ரத்து பண்ணுங்க."

"பண்ணலாம். ரத்து உத்தரவுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும், தோழர் தம்டின்."

"போடுங்க."

"இடது பக்கம் நான் போடுவேன். வலது பக்கம் பனிக்குள்ள இருக்கு."



"வானொலியில கேட்டு வாங்குங்க."

"கையெழுத்தை வானொலியில வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. பொலிட்பீரோ போட்டது. நீங்களும் கை தூக்கினீங்க."

போன் வைக்கப்பட்டது. ரவ்தான் மூட்டு வலியோடு ஏன் போனார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அமைச்சரைப் பார்த்தேன். அவர் காய்ந்த தயிர்க்கட்டியைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"திருட்டுப் பய," என்றார். சொன்னது தம்டினை அல்ல.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பொலிட்பீரோ கூடியது. கட்சியின் இரண்டாம் செயலாளர் ஷரவ் தலைமை. அமைச்சர் கோப்போடு உள்ளே போனார். நான் பதிவேட்டோடு வெளியே உட்கார்ந்தேன். பல தடவை கூட்டத்துக்கு வந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. இருபது நிமிடத்தில் கதவு திறந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜை, பச்சைத் துணி. ஷரவ் வயதானவர். மூக்குப்பொடிக் குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எங்கள் உத்தரவு இருந்தது. அமைச்சர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நீதான் இதைத் தட்டினியாம்மா?"

"நான்தான், தோழர் செயலாளர்."

தம்டின் முந்திக்கொண்டார். "அரசியல் நோக்கம்னு ஒரு வரி இருக்கு. விஷயம் வெளிய வந்தப்புறம் அதைச் சேர்த்திருக்காங்க. தப்பிக்கறதுக்கு. நான் கேட்டப்ப மந்திரி அந்த வரியைப் பத்தி மூச்சு விடல."

"நீங்க கேக்கவே இல்லையே," என்றார் அமைச்சர்.

ஷரவ் கையை உயர்த்தினார். "நீ சொல்லும்மா. இந்த வரி எப்ப வந்தது?"

வெள்ளிக்கிழமை இல்லை என்று நான் சொன்னால் அமைச்சர் போய்விடுவார். அதை மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். எனக்குப் பயம் இல்லை. பதிவேடு என்னிடம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை, தோழர் செயலாளர். தோழர் ரவ்தான் என் பேனாவால எழுதினார். நான் பன்னிரண்டு பத்துக்குத் தட்டி முடிச்சேன். ரெண்டாவது படி அரை மணியில மத்தியக் குழு அலுவலகத்துக்குப் போச்சு. வாங்கினவங்க கையெழுத்து இதுல இருக்கு."

பதிவேட்டை நீட்டினேன். ஷரவ் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினார். அது மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"நம்ம அலுவலகத்துலயே நாலு நாளா இருக்கு," என்றார் ஷரவ். "யாரும் படிக்கல." குப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். "சரி, கோஞ்சிக். கட்சியின் அழைப்பை ஏற்றுன்னு எழுதியிருக்கு. எந்த அழைப்பு? நாங்க உங்களைக் கூப்பிடலையே."

"ஒரு கால்நடை கூடச் சாக விடாதே, ஒவ்வொரு குடிமகனும் தன் வேலையிடத்துல இருந்து உதவணும்னு ஒரு அழைப்பு, தோழர் செயலாளர். டிசம்பர்ல ஆணையம் விட்டது. கீழ தோழர் தம்டின் கையெழுத்து. சுவரொட்டி இந்தக் கட்டடத்து வாசல்லயே ஒட்டியிருக்கு. நான் குடிமகன். என் வேலையிடத்துல புல் இருந்தது."

யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது.

"பார்த்தேன்," என்றார் ஷரவ். "சிவப்பு எழுத்து. ஒரு ஆட்டுக்குட்டி படம்." தம்டின் பக்கம் திரும்பினார். "உங்க அழைப்புத்தானே?"

தம்டின் மேஜைத் துணியைப் பார்த்தார். 

"எங்களுடையதுதான்."

"அப்ப ராணுவம் உங்க பேச்சைக் கேட்டிருக்கு. நல்ல விஷயம். எழுதிக்கோங்க. ஆணையத்தின் அழைப்பின் பேரில் நடந்த பயிற்சியைப் பொலிட்பீரோ அங்கீகரிக்கிறது. உலான் டோவுக்கு மாவும் எரிபொருளும் இன்னிக்கே அனுப்பணும். அறிக்கையில இனிமே ஒரு பண்ணைக்கு மூணு வரி." அமைச்சரைப் பார்த்தார். "உங்களுக்கு எச்சரிக்கை. வாய்மொழியா. எழுத வேண்டாம்."

"ஏத்துக்கறேன்."

"இன்னொண்ணு," என்றார் தம்டின். "குதிரைப்படையே இல்ல. அந்தப் புல்லை இருப்புப் பட்டியல்லேர்ந்து எடுத்துடணும்."

"ஸுட் முடியட்டும்," என்றார் ஷரவ். "அப்புறம் ஞாபகப்படுத்துங்க." பொடியை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். "நீ போகலாம்மா. குளிர்காலம் எப்படிக் கழியுது?"

"நல்லாக் கழியுது, தோழர் செயலாளர்."

காரில் திரும்பினோம். பாலம் தாண்டியதும் அமைச்சர் ஒன்று கேட்டார்.

"ரெண்டாவது படியை நீ எப்பவும் அரை மணியில அனுப்புவியா?"

"எப்பவும் சாயங்காலம் அனுப்புவேன், தோழர் மந்திரி. அன்னிக்கு மட்டும்தான் சீக்கிரம்."

அவர் சிரித்தார். அலுவலகம் வரும்வரை விட்டு விட்டுச் சிரித்தார்.

உலான் டோவிலிருந்து செய்தி புதன்கிழமை வந்தது. நான் அவர் மேஜை முன் நின்று படித்தேன்.

"குளிர்காலம் நன்றாகக் கழிகிறது."

"அடுத்த வரி."

"புல் திங்கள் விடியலில் வந்தது. ஒன்பதாயிரம் போயின. முப்பத்திரண்டாயிரம் நிற்கின்றன."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஜன்னல் பக்கம் போனார். ஒன்பதாயிரத்துக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

"இன்னும் வரி இருக்கா?"

"இருக்கு. தோழர் ரவ்தானுக்கு இடது காலில் இரண்டு விரல் உறைந்துவிட்டது. மருத்துவர் எடுத்துவிட்டார். பாட்டு நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி உத்தரவு அனுப்பவும்."

"ரெண்டு கையெழுத்து வேணும்னு பதில் போடு."

ஆகஸ்டில் டோல்கோயில் புல் அறுக்கும் உத்தரவைத் தட்டினேன். பட்டியலிலிருந்து நீக்க யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அமைச்சர் இடது பக்கம் கையெழுத்துப் போட்டார். ரவ்தான் கால் தாங்கித் தாங்கி வந்தார். காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"எத்தனை குதிரைக்குண்ணே?"

"ரெண்டாயிரம். பட்டியல்ல உள்ளபடி."

ரவ்தான் யோசித்தார். என் பக்கம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.

"நாலு வருஷம் ஆச்சு," என்றார். "குட்டி போட்டிருக்கும். மூவாயிரம்னு வச்சுக்குவோம்."